பழகக்கூடாத அண்ணன்

"சோப்பு எங்கன்னு கேளு."

அண்ணன் குளியலறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டான். கைக்கெட்டும் தூரத்தில் அவனுடைய தங்கை நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டது அவளை அல்ல. சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த மனைவியை.

"உங்கண்ணன் சோப்பு எங்கன்னு கேக்கறார்," என்றாள் அண்ணி, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

"ஜன்னல்ல இருக்குன்னு சொல்லுங்க அண்ணி."

"ஏங்க, ஜன்னல்ல இருக்காம்."

"காதுல விழுந்துச்சு."

"அதெப்படி விழும்? நான் சொன்னப்புறம்தானே விழணும்?"

தங்கை சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். சிரித்துவிடக்கூடாது. தெருப்பக்கக் கதவு திறந்துதான் இருந்தது. பகலில் அதைச் சாத்தக்கூடாது என்பதும் ஒரு விதி. எந்த நேரத்திலும் ஒரு காவலர் வந்து எட்டிப் பார்க்கலாம்.

அண்ணன் குளித்துவிட்டு வந்தான். ரொட்டியையும் முட்டையையும் தட்டில் வாங்கிக்கொண்டு வாசற்படிக்குப் போனான். தங்கை உள்ளே சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள். அண்ணி நடுவில் நின்றபடி, இந்தப் பக்கம் ஒரு வார்த்தையும் அந்தப் பக்கம் ஒரு வார்த்தையுமாகப் பேசிக்கொண்டு, தன் ரொட்டியை ஆறவிட்டாள். இரண்டு நாட்டுத் தலைவர்களுக்கு நடுவே உட்காரும் மொழிபெயர்ப்பாளருக்குக்கூடச் சம்பளம் உண்டு, தனக்கு அதுவும் இல்லை என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அவர்கள் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தார்கள்.

தங்கை சிறையிலிருந்து வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்பு ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரி போடுபவளாக இருந்தாள். மேற்பார்வையாளன் தினமும் உரசிக்கொண்டு போவான். ஒரு நாள் உரசலோடு நிற்கவில்லை. அப்போது அவள் கையில் இருந்தது சூடான இஸ்திரிப் பெட்டி. அதை அவன் தோளில் வைத்தாள். "கை தவறிப் பட்டுவிட்டதா?" என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். "இல்லை, வைத்தேன்," என்றாள். அவளுடைய வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

தண்டனைக் காலத்தில் பெரும்பகுதி முடிந்தபின், நன்னடத்தைக்காக நிபந்தனையோடு முன்கூட்டியே விட்டார்கள். மீதிக் காலத்தை வெளியே கழிக்கலாம். நிபந்தனையில் ஒன்றை மீறினாலும் மறுபடி உள்ளே போக வேண்டும்.

சிறைத்துறை போட்ட நிபந்தனை இது: அவள் தன் அண்ணனின் பொறுப்பில், அண்ணன் வீட்டில், அண்ணனோடு வசிக்க வேண்டும். வேறு எங்கும் தங்கக்கூடாது. அவளுக்கு அதில் மகிழ்ச்சிதான். அப்பா அம்மா போனபின் அவளுக்கு இருந்த ஒரே வீடு அது.

வெளியே வந்த மறுநாள் காவல் நிலையத்தில் போய்ப் பதிந்துகொண்டாள். அங்கே இன்னொரு நிபந்தனை கொடுத்தார்கள்: முன்பு தண்டனை பெற்ற எவரோடும் பழகக்கூடாது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"சார், எங்கண்ணன் சின்ன வயசுல ஒரு தடவை உள்ள போயிட்டு வந்திருக்கான்."

ஆய்வாளர் கணினியைத் தட்டிப் பார்த்தார். அண்ணன் இருந்தான். மீசை அரும்பிய வயதில், தெருவில் நடந்த ஒரு கைகலப்பில் பிடிபட்டவர்களில் அவனும் ஒருவன். சில மாதங்கள் உள்ளே இருந்தான். பிறகு வண்ணம் பூசும் வேலை கற்றுக்கொண்டு, இந்த ஊரின் பாதிக் கட்டடங்களுக்கு நிறம் கொடுத்துவிட்டான். அன்று யார் முதலில் கை ஓங்கியது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. கணினிக்கு மறக்கவில்லை.

"ஆமா, இருக்கே," என்றார் ஆய்வாளர்.

"அப்ப நான் வேற எங்கயாவது தங்கட்டுமா சார்?"

"அதெப்படி? அண்ணன் வீட்லதான் இருக்கணும்னு உங்க உத்தரவுல போட்டிருக்கே. மீறினா உள்ள போகணும்."

"அண்ணன் வீட்ல இருந்தா இந்த நிபந்தனை?"

"அதை மீறினாலும் உள்ளதான்."

"அப்ப நான் என்ன பண்றது சார்?"

ஆய்வாளர் கெட்டவர் அல்லர். உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வழி கிடைத்தவரைப் போல முகம் மலர்ந்து சொன்னார்.

"இருங்க. ஆனா பழகாதீங்க."

"பழகறதுன்னா?"

"அதாம்மா, பேசறது, சிரிக்கறது, ஒண்ணா உக்காந்து சாப்பிடறது. இதெல்லாம்தானே பழகறது?"

அன்று மாலை அவள் இதை வீட்டில் சொன்னபோது அண்ணன் சிரித்தான். அதுதான் கடைசிச் சிரிப்பு. மறுநாள் காவலர் வந்து வாசலில் நின்று, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு போனபின், அவன் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விட்டான்.

*

அவளுக்கு ஒரு சலவைக் கடையில் வேலை கிடைத்திருந்தது. விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் மருத்துவமனைத் துணிகளும் அங்கே வரும். "உன் கையில இஸ்திரிப் பெட்டியக் குடுக்கறதான்னு ஒரு நாள் பூரா யோசிச்சேன்," என்று கடைக்கார அம்மா வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். "அப்புறம் நெனச்சேன், இங்க எல்லாரும் பொம்பளைங்கதானே, யாரு உரசப் போறாங்க?"

"பழகறது" என்றால் என்ன என்று அங்கே ஒரு நாள் பெரிய விவாதமே நடந்தது.

"பழகறதுன்னா லவ்வு மாதிரியாக்கா?" என்று கேட்டாள் துணி மடிக்கிற பெண்.

"அடச்சீ. என் அண்ணன்டி."

"அப்ப நீங்க பழகல. விடுங்க."

"அதெப்படி?" என்றாள் இயந்திரத்தில் துணி போடுபவள். "எங்க வீட்டு நாய் என்கூட நல்லாப் பழகும். அது என்ன பேசுதா, சிரிக்குதா? பேசாம பக்கத்துல வந்து படுத்துக்கும். அதுவும் பழக்கம்தானே?"

"செருப்பே பழகினாத்தான் காலைக் கடிக்காது," என்றார் கடைக்கார அம்மா. "இந்தச் சட்டம் எழுதினவருக்குப் புதுச் செருப்பு வாங்கின அனுபவமே இல்லபோல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு விரிப்பின் மேல் பெட்டியை ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

"புதுசா ஒருத்தரோட பழகாதேன்னா பழகாம இருந்துடலாம். பொறந்ததுலேருந்து பழகின ஆளோட எப்படி பழகாம இருக்கறது? அதுக்கு ஒரு வழிய யாராவது சொல்லுங்க."

கடைக்கார அம்மா அடுத்த விரிப்பை உதறி அவள் முன்னால் போட்டார்.

அவள் சும்மா இருக்கவில்லை. முதலில் சிறைத்துறையின் நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்த்தாள். கண்ணாடி அணிந்த, எப்போதும் களைத்துப்போன முகத்தோடு இருக்கும் பெண்மணி. மேஜையில் கோப்புகளுக்கு நடுவே ஒரு தொலைபேசி இருந்தது.

"உங்கண்ணன் பழைய கேஸ் எங்களுக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் அவர் வீட்டைப் போட்டோம். விசாரிச்சேன், நல்ல மனுஷன். உன்னைப் பார்த்துக்க அவரைவிட்டா யாரு?"

"அதைக் கொஞ்சம் ஸ்டேஷன்ல சொல்லுங்களேன் மேடம்."

"அவங்க வேற துறை. நானா சொன்னா அவங்க வேலையில தலையிடற மாதிரி ஆயிடும். அவங்க எழுத்துல கேட்டா நான் பதில் எழுதறேன்."

அவள் காவல் நிலையத்துக்குப் போனாள்.

"நாங்க ஏம்மா கேக்கணும்? எங்க நிபந்தனை தெளிவா இருக்கு. அவங்களுக்குச் சந்தேகம் இருந்தா அவங்க எழுதட்டும். நாங்க பதில் எழுதறோம்."

பதில் எழுத இருவரும் தயாராக இருந்தார்கள். கேள்வி எழுதத்தான் ஆள் இல்லை.

அண்ணன் தன் பங்குக்கு ஒரு யோசனை சொல்லி அனுப்பினான். வேலை நடக்கும் கட்டடத்திலேயே படுத்துக்கொள்கிறானாம். வீட்டைத் தங்கைக்கு விட்டுவிடுகிறானாம். அதையும் அவள் அலுவலரிடம் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். பொறுப்பாளர் வீட்டில் இல்லையென்றால் பொறுப்பே இல்லை. பொறுப்பு இல்லையென்றால் விடுதலையும் இல்லை.

அண்ணன் வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் இல்லாதது போல இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சம பலத்தோடு இழுக்கப்படும் பொருள் நின்ற இடத்தில் நிற்கும். அவர்களும் நின்றார்கள்.

*

பிறகு அண்ணிக்குத் தொண்டை கட்டியது.

வெறும் கட்டல் இல்லை. குரல் முழுவதும் போய்விட்டது. மருத்துவர் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்கு வாயே திறக்கக்கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த வீட்டில் இப்போது சேதி சொல்ல ஆளே இல்லை. எழுதிக் காட்டினால் அதுவும் பழகியதாகிவிடுமோ என்று அண்ணனும் தங்கையும் பேனாவைக்கூடத் தொடவில்லை.

அன்று விடுமுறை நாள். நண்பகல். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து தூரிகைகளை எண்ணெயில் அலசிக்கொண்டிருந்தான். தங்கை உள்ளே சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி சமையலறையிலிருந்து வேகமாக வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் அகலமாக வளைத்துக் காட்டினாள். பிறகு கைகளை விரித்து, தலையைச் சாய்த்து, கண்களை மூடினாள்.

அண்ணன் தூரிகையைக் கீழே வைத்தான்.

"யாரு? என்ன ஆச்சு?"

அண்ணி மறுபடி வளைத்துக் காட்டினாள். பெரிசு. உருண்டை. பிறகு கைகளை மேலே விரித்தாள். போய்விட்டது.

"குண்டா... போயிட்டாரா?" அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். முகம் வெளுத்திருந்தது. "ஐயையோ, வீட்டுக்காரரா? காலைலகூட வாடகை கேட்டாரேடி!"

அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சமையலறையைக் காட்டினாள். தீக்குச்சி உரசுவது போலக் காட்டினாள். மறுபடி கண்களை மூடித் தலையைச் சாய்த்தாள்.

"அதுக்குள்ள தகனமா?"

தங்கையால் தாங்க முடியவில்லை. பொத்தானும் ஊசியும் ஒரு பக்கம் விழுந்தன.

"கேஸுண்ணா! கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோச்சாம்!"

வார்த்தை வெளியே வந்துவிட்டது. அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் அண்ணனைப் பார்த்தாள். அடுத்த கணம் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நான் பூமாலைக்குச் சொல்லிடலாம்னு பார்த்தேன்," என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "வாடகையும் மிச்சம்னு நெனச்சிருப்பே," என்றாள் தங்கை. தொண்டையைத் தொட்டுத் தொட்டு, சத்தமே வராமல், அண்ணியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நிற்பதாக இல்லை. அவர்களுக்குள் அத்தனை நாளாகச் சேர்ந்திருந்தது.

அண்ணிதான் முதலில் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

வாசற்படிக்குக் கீழே ஒரு காவலர் நின்றுகொண்டிருந்தார்.

*

"இருவரும் சேர்ந்து உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை நேரில் கண்டேன்," என்று காவலர் எழுதியிருந்தார். ஆய்வாளர் அதை அவளுக்குப் படித்துக் காட்டினார். படிக்கும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதனால் வேகமாகப் படித்தார்.

"இது உண்மையா?"

"உண்மைதான் சார். கேஸ் தீர்ந்துபோச்சு."

"அதுக்கு யாராவது சிரிப்பாங்களா?"

"நீங்க பார்த்திருக்கணும் சார்."

அருகில் நின்ற காவலர் உதட்டை இறுக்கிக்கொண்டு சன்னலைப் பார்த்தார். ஆய்வாளர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். நிபந்தனையை மீறிவிட்டேன், இனி மீறமாட்டேன் என்று அதில் இருந்தது.

"கையெழுத்துப் போடு. முதல் எச்சரிக்கையோட போயிடும்."

"அடுத்த தடவை?"

"அடுத்த தடவை எச்சரிக்கை கிடையாது. உள்ளதான்."

"போடலன்னா?"

"இப்பவே ரத்து பண்ணச் சொல்லி எழுதணும். நான் அப்படிப் பண்ண விரும்பல. புரிஞ்சுக்கம்மா."

"நாளைக்கு வர்றேன் சார்," என்று அவள் எழுந்தாள்.

வீட்டில் அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். அவள் நடந்ததைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அண்ணன் மனைவியைப் பார்த்துச் சொன்னான்.

"போட்டுடச் சொல்லு. ஒரு கையெழுத்துதானே."

அண்ணி தொண்டையைக் காட்டினாள். தன்னால் சொல்ல முடியாது. அவன் எழுந்து வந்து தங்கைக்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.

"போட்டுடும்மா."

"போட்டா, அடுத்த தடவை சிரிச்சா நான் உள்ள. எத்தனை நாளைக்குச் சிரிக்காம இருப்பே?"

"இருந்துடுவேன். நீ மறுபடி உள்ள போறதுக்கு அது எவ்வளவோ மேல். வாசல்ல உக்காந்து சாப்பிடறது எனக்கொண்ணும் கஷ்டமில்ல. காத்து நல்லா வருது."

"மழை வந்தா?"

"குடை புடிச்சுக்கறேன்."

"நான் மீறலண்ணா. மீறினேன்னு என் கையாலயே எழுதிக் குடுக்கணுமா? அன்னிக்குக் கோர்ட்ல தவறிப் பட்டுடுச்சுன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா பாதி தண்டனை குறைஞ்சிருக்கும். நான் சொல்லல. இப்ப என் அண்ணனோட பேசினது தப்புன்னு சொல்லுவேனா?"

"வீராப்பு பேசாதே. உள்ள இருந்தது நீ. வெளிய நின்னது நான். அது உனக்குத் தெரியாது." அவன் உள்ளங்கையில் காய்ந்திருந்த வண்ணத்தைச் சுரண்டினான். "உன்னை மறுபடி அனுப்பிட்டு என்னால இருக்க முடியாது."

அவன் சொன்னது உண்மை. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஒரு வரிதான். அதன்பின் இந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று தனி மரங்களாக நிற்கலாம்.

"போடாதே."

காய்ந்த இலையை மிதித்தது போல ஒரு குரல். இருவரும் திரும்பினார்கள். அண்ணி தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலியில் கண் கலங்கியிருந்தது. மருத்துவர் சொன்ன வாரம் முடியவில்லை.

"இன்னிக்குப் போட்டா, நாளைக்கு நான் சிரிச்சாலும் உள்ளதான்னு சொல்லுவாங்க," என்றாள் அண்ணி. "போடாதே."

*

மறுநாள் காலை அவள் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். கடைக்கார அம்மா அவளுடைய இஸ்திரிப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிச் சுற்றி ஓரமாக வைத்தார். "இதை யாரும் தொட மாட்டாங்க. போயிட்டு வா," என்றார்.

அண்ணன் காவல் நிலையம் வரை அவளோடு நடந்து வந்தான். பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். தெரு பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டார்கள். வாசலோடு அவன் நின்றுகொண்டான்.

"போட மாட்டேன் சார்," என்றாள் அவள், உள்ளே போனதும்.

ஆய்வாளரின் முகம் கறுத்தது. "விளையாடறியா?"

"இல்ல சார். நான் மீறினது எந்த நிபந்தனைய? பழகக்கூடாதுங்கறதயா? அப்ப அண்ணனோட இருங்கறத என்ன பண்றது? ரெண்டு துறையும் ஒண்ணா உக்காந்து, நான் எப்படி இருந்தா ரெண்டையும் மீறாம இருப்பேன்னு சொல்லுங்க. அப்படி ஒரு வழி இருந்தா, மீறிட்டேன்னு நானே எழுதித் தர்றேன். இல்லன்னா என்னை உள்ள அனுப்புங்க. அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தும் விட்டாள்.

விடுதலையை ரத்து செய்யச் சொல்லி எழுத வேண்டுமென்றால் நன்னடத்தை அலுவலரின் ஒப்புதல் வேண்டும். ஆய்வாளருக்கு வேறு வழியில்லை. தொலைபேசியை எடுத்தார். இத்தனை மாதங்களில் இரண்டு அலுவலகங்களும் பேசிக்கொண்டது அதுதான் முதல் முறை.

அலுவலர் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தார். காவலர் எழுதியதைப் படித்தார்.

"சிரிச்சாங்களா? இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

"விதி விதிதானே மேடம்? பழைய குற்றவாளி வீட்ல நீங்க ஏன் தங்க வெச்சீங்க?"

"அவர் குற்றவாளின்னா, நீங்க ஏன் இத்தனை வருஷமா அவர் வீட்டுப் பக்கமே போகல? உங்க நிபந்தனைல சொந்த அண்ணன் வர்றாரான்னு எங்களைக் கேட்டிருக்கலாமே?"

"நீங்க சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

காவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் அவளை மறந்தே போனார்கள். அவள் எழுந்து வாசலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்.

"அண்ணா! உள்ள வா."

பேச்சு நின்றது. அண்ணன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். கைகளில் நேற்றைய நீல வண்ணம் இன்னும் ஒட்டியிருந்தது.

"ரெண்டு பேரும் பாருங்க," என்றாள் அவள். "இப்ப நாங்க பழகப்போறோம். எங்க தப்புன்னு கை வெச்சுக் காட்டுங்க."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சாப்டியாண்ணா?"

அண்ணன் ஆய்வாளரைப் பார்த்தான். அவர் இடுப்பில் இருந்த வாரைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"இல்ல. நீ?"

"நானும் இல்ல. அண்ணி மாத்திரை போட்டாங்களா?"

"போட்டா. உன்னைத் திட்டிக்கிட்டே போட்டா. வாயசைவுலயே திட்டினா."

காவலர் இருமினார். அது இருமல் இல்லை.

"இதுதான் சார் நாங்க பழகறது," என்றாள் அவள். "உள்ள இருந்தப்ப மாசா மாசம் இவன் என்னைப் பார்க்க வருவான். நடுவுல கம்பி இருக்கும். பக்கத்துல காவலர் நிப்பாங்க. இதையேதான் கேப்பான், சாப்டியான்னு. அங்க யாரும் தடுக்கல. பார்க்கற நேரம் முடிஞ்சாலும் இன்னும் ஒரு நிமிஷம் பேசிட்டுப் போங்கன்னு சொன்ன காவலரும் உண்டு. சிறைக்குள்ள பேச முடிஞ்ச அண்ணனோட வீட்டுக்குள்ள பேசக்கூடாதுன்னா, எது சார் சிறை? எனக்கு நீங்க எதைத்தான் விடுதலைன்னு குடுத்தீங்க?"

நன்னடத்தை அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். பிறகு, ஆய்வாளரிடம் அல்ல, அவளிடமே சொன்னார்.

"என் மேஜைல போன் இருந்துச்சு. நீ அன்னிக்கு அதையே பார்த்துக்கிட்டிருந்தே. நானும் பார்த்தேன். எடுத்து ரெண்டு வார்த்தை பேசியிருந்தா இத்தனை மாசம் நீங்க இப்படி இருந்திருக்க வேண்டாம். என் தப்பும்மா."

அவர் ஆய்வாளரின் மேஜையிலிருந்தே ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட குடும்பத்தினருக்கு இரண்டாவது நிபந்தனை பொருந்தாது என்று திருத்த வேண்டும். அதை இரு துறைகளும் சேர்ந்து மேலிடத்துக்குக் கேட்க வேண்டும். எழுதி முடித்துக் கையெழுத்திட்டு, ஆய்வாளர் பக்கம் நகர்த்தினார்.

ஆய்வாளர் பேனாவை விரலில் உருட்டினார். "மேல இருந்து பதில் வர்ற வரைக்கும்?"

"அதுவரைக்கும் இவங்க சிரிச்சா நான் பொறுப்பு. அதையும் வேணும்னா எழுதித் தர்றேன்."

ஆய்வாளர் கையெழுத்திட்டார். காவலர் எழுதிய தாளை இரண்டாக மடித்து இழுப்பறையில் போட்டார். பெருமூச்சு விட்டார். அவருக்கும் ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. தான் கொஞ்சம் பெருந்தன்மை காட்டியது போலவும் இருந்தது.

"சரிம்மா, போ. உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. இரக்கப்பட்டுத்தான் இந்தத் தடவை விடறேன்."

கதவை நோக்கி இரண்டடி வைத்திருந்த அவள் நின்றாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். போதும், வா என்று அவன் கண்கள் கெஞ்சின. அவள் திரும்பினாள்.

"இரக்கம் வேண்டாம் சார். இன்னிக்கு உங்களுக்கு இரக்கம் வந்துச்சு. நாளைக்கு இந்த நாற்காலில வேற ஒருத்தர் உக்காருவார். அவருக்கு வரலன்னா? எனக்குப் பின்னாடி இன்னொருத்தி வெளிய வருவா. அவளுக்கு இப்படி வந்து உக்கார்ற தைரியம் இல்லன்னா? எழுதினதோட நின்னுடாம விதியத் திருத்துங்க. ஒருத்தரால கடைப்பிடிக்கவே முடியாத விதியப் போட்டுட்டு, மீறினியேன்னு பிடிக்கறது சட்டம் இல்ல சார், பொறி. வெளிய வந்தவங்க மறுபடி உள்ள போகக்கூடாதுன்னு நெஜமாவே நீங்க நெனச்சா, அவங்களைச் சுத்தி இருக்கிற மனுஷங்களைப் பறிக்காதீங்க. திருந்தி வாழறதுக்கு, சாப்டியான்னு கேக்க வீட்ல ஒரு ஆள் வேணும்."